சேவலோ, பெட்டையோ?

அடைக்கோழி 21 நாள் முட்டைகளின்மேல் தவம் கிடக்கிறது. தீனிக்கும் நீருக்குமாகச் சிறிது பொழுதே எழுந்து செல்கிறது, உடனே மீள்கிறது. பின்னர் ஓடுகள் ஒவ்வொன்றாய் வெடிக்கின்றன, ஈரத்தூவி உலர்கிறது. இரண்டொரு நாளில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் பஞ்சுருண்டைகள் போலத் தாயைச் சூழ்ந்து முற்றத்தில் ஓடித் திரிகின்றன. அவற்றைக் காணும் வீட்டார் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "இவற்றுள் சேவல் எத்தனை? பெட்டை எத்தனை?" என்பதேயாம்.

இவ்வினா பொழுதுபோக்கிற்காக எழுவதன்று. பெட்டை வளர்ந்தால் முட்டை கிடைக்கும். அதனால் வீட்டுக் குழந்தைகட்கு உணவும், சந்தையில் உப்புக்கும் புளிக்கும் காசும் உண்டாகும். சேவலோ ஒன்றிரண்டு இருந்தாற் போதும்; மிகுந்தால் அவை தம்முட் பொரும்; தீனியும் வீணாகும். ஆதலின், மிகுந்த சேவல்களை விற்றுப் பெட்டைகளை நிறுத்திக்கொள்வது கோழி வளர்ப்போர் வழக்கம். அடையாளம் பிழைத்து, முட்டையிட இருக்கும் விடைக்கோழியைச் சேவல் என்று எண்ணி விற்றுவிட்டால், பல திங்கள் இட்ட தீனியும் போயிற்று. வரவிருந்த வருவாயும் போயிற்று. நாலைந்து கோழிகளையே செல்வமாகக் கொண்ட ஏழை மூதாட்டிக்கு அஃது எளிய இழப்பாகுமோ? ஆகவே, குஞ்சின் பாலை எவ்வாறு அறிவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதற்கண், நம் மொழி இப்பொருளை எவ்வாறு நோக்குகிறது என்று காண்போம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மரபியல் என்றோர் இயல் உண்டு. அது விலங்கிற்கும் பறவைக்கும் உரிய இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துக் கூறுவது. சிறகுடைய பறவைகளின் ஆணைச் சேவல் எனலாம் என்றும், மயிலுக்கு மட்டும் அப்பெயர் இல்லை என்றும் அது விதிக்கிறது. பேடை, பெடை என்பன பறவைகளின் பெண்பாற் பெயர்கள். அளகு என்னும் பெயரோ கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்கும் உரியது. பறவைகளின் இளமைப் பெயர்கள் பார்ப்பு, பிள்ளை என்பன. வளர்ந்தவற்றுக்கு ஆண்பெயர் வேறு, பெண்பெயர் வேறு. இளையவற்றுக்கோ இருபாற்கும் பொதுவான பெயரே உண்டு. இயற்கையும் அவ்வாறே குஞ்சுப் பருவத்தில் பாலை மறைத்து வைத்திருக்கிறது. பால் வெளிப்படும் பருவத்தில் உலகவழக்கும் பெயரைப் பிரிக்கிறது. முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டையை விடைக்கோழி என்று நாட்டுப்புறத்தார் தனியே சுட்டுவது இதற்குச் சான்று.

மறைந்திருப்பதை உடனே அறிந்துவிட வேண்டும் என்னும் ஆவலால் மக்கள் பல உத்திகளைக் கையாண்டனர். நீண்டு கூர்த்த முட்டையில் ஒரு பாலும், உருண்ட முட்டையில் மறுபாலும் பிறக்கும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் நூலில் நீண்ட முட்டை பெண்ணுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. உரோமாபுரியின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவோ அது சேவலுக்கு உரியது என்றார். ஒரே முட்டையைப் பற்றி இருவர் எதிரெதிராகத் துணிந்தமையே அக்குறி உறுதியற்றது என்பதைக் காட்டிவிடுகிறது. நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டையின்மேல் தொங்கவிட்டு, அது ஆடும் முறையை நோக்கிப் பால் சொல்வாரும் உளர். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, அது துள்ளுகிறதா அடங்குகிறதா என்று பார்ப்பாரும் உளர். பிறக்கும் குஞ்சுகளுள் ஏறக்குறையப் பாதி சேவல், பாதி பெட்டை. ஆதலின், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகும். சரியான பாதியை நினைவிற் கொண்டு, தவறிய பாதியை மறந்துவிடுவதாலேயே இத்தகைய நம்பிக்கைகள் நெடுங்காலம் வாழ்கின்றன.

முட்டையின் வடிவு பாலைக் காட்டாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. உயிரணுக்களில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் இரண்டு உள்ளன. மனிதரில் ஆணுக்கு அவை இரண்டும் வெவ்வேறானவை, பெண்ணுக்கு ஒத்தவை. பறவைகளில் இது தலைமாறி நிற்கிறது. சேவலுக்கு இரண்டும் ஒத்தவை, பெட்டைக்கு வெவ்வேறானவை. எனவே, குஞ்சின் பாலை வகுப்பது தாய்க்கோழியின் கருவணுவே. மஞ்சட் கருவோடு இணைந்த அவ்வணுவில் பால் அமைந்துவிட்ட பின்னரே வெண்கருவும் ஓடும் அதனைச் சூழ்கின்றன. ஓட்டின் வடிவு தாயின் முட்டைக்குழாயைப் பொறுத்தது. ஒரு கோழி இடும் முட்டைகள் பெரும்பாலும் ஒரே வடிவாக இருப்பதும், அவற்றிலிருந்து இருபாற் குஞ்சுகளும் தோன்றுவதும் நாம் கண்ணாற் காண்பனவே அன்றோ?

இனி, குஞ்சின் தோற்றத்தில் நம்பத்தக்க குறிகள் எவை என்று காண்போம். நம் நாட்டுக் கோழியின் குஞ்சைப் பிறந்த அன்றே புறத்தோற்றத்தால் சேவல் என்றோ பெட்டை என்றோ துணிதல் இயலாது. நிறமும் பருமனும் ஓட்டமும் அப்போது உதவா. மூன்று நான்கு வாரம் பொறுத்தல் வேண்டும்.

முதலில் வெளிப்படும் குறி கொண்டை. நான்காம் வாரத்தை ஒட்டி, சேவற் குஞ்சின் கொண்டை அடி அகன்று, சற்றே உயர்ந்து, இளஞ்சிவப்புக் கொள்ளத் தொடங்கும். பெட்டைக் குஞ்சின் கொண்டை தாழ்ந்து, வெளிறி, மஞ்சள் சாயலோடு இருக்கும். ஆறாம் வாரத்தில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். சேவலுக்கு அலகின்கீழ்த் தாடியும் தலைகாட்டும். இரண்டாவது குறி சிறகு முளைக்கும் வேகம். பெட்டைக் குஞ்சின் முதுகிலும் வாலிலும் இறகுகள் பெரும்பாலும் முந்தி முளைத்து ஒழுங்காக மூடும். சேவற் குஞ்சின் வால் குட்டையாகவே நிற்கும். தோளிலும் முதுகிலும் தோல் தெரியும். மூன்றாவது குறி கால். ஒரே ஈட்டுக் குஞ்சுகளை அருகருகே வைத்து நோக்கினால், சேவலின் கால் தடித்தும், பெட்டையின் கால் மெலிந்தும் தோன்றும்.

இவை மூன்றும் ஐயம் விளைத்தாலும், ஐயம் அகற்றும் நான்காவது குறி ஒன்று உண்டு. அஃது இறகின் நுனி. எட்டாம் வாரத்திற்கும் பன்னிரண்டாம் வாரத்திற்கும் இடையே கழுத்திலும், வாலின் அடியில் முதுகின் இருபுறத்திலும் புதிய இறகுகள் தோன்றும். சேவலுக்கு அவை ஒடுங்கி நீண்டு, நுனி கூர்ந்து, பளபளப்போடு விளங்கும். பெட்டைக்கு அவை அகன்று, நுனி உருண்டு, மங்கலாக இருக்கும். பின்னர்ச் சேவலின் வாலில் அரிவாள் போல் வளைந்த நெடிய இறகுகள் எழும். கூவுதலும் தொடங்கும். ஆயினும், கூவும் வயது குஞ்சுக்குக் குஞ்சு வேறுபடும். வலிய சேவல் ஒன்று உடனிருந்தால் இளையது நெடுநாள் வாய் திறவாமலும் இருக்கும். நெஞ்சை நிமிர்த்தி எதிர்த்து நிற்றல் இருபாற் குஞ்சுகளுக்கும் உண்டு; அதனைக் குறியாகக் கொள்ளலாகாது. காலின் முள்ளையும் இளம்பருவத்தில் நம்புதல் கூடாது.

இவ்விடத்து மாணவர்கள் ஒன்று கருத வேண்டும். எல்லாக் குறியும் எல்லா இனத்திற்கும் பொருந்தா. அசில் இனத்திற்குக் கொண்டை சிறியது. தலையோடு ஒட்டிக் கிடப்பது. அதன் உயரத்தைக் கொண்டு பாலைத் துணிந்தால் சேவலையும் பெட்டை என்போம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பகுதிக்கு உரிய கடக்நாத் கோழிக்குத் தோலும் கொண்டையும் கருமை கலந்தவை. அங்கே சிவப்பைத் தேடுவது பயன்படாது. வெள்ளை லெகார்ன் இனத்திலோ பெட்டைக்கும் கொண்டை பெரிது. சிறுமையைத் தேடினாலும் ஏமாறுவோம். இங்கிலாந்தில் உருவான செப்ரைட் என்னும் குள்ளக் கோழியினத்தில் சேவலின் இறகும் பெட்டையின் இறகு போலவே உருண்டிருக்கும். ஆகவே, இனம் யாது, வயது எத்துணை என்று முதலில் அறிதல் வேண்டும். பின்னர் ஒரே வயதுடைய உடன்பிறப்புகளை ஒப்பிட வேண்டும். ஒரு குறியோடு அமையாது, பல குறிகள் ஒன்றுபடுகின்றனவா என்றும் நோக்க வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடிப்பவர் பெரும்பாலும் பிழை செய்யார்.

இக்குறிகள் தோன்றுவதன் காரணம் யாது? ஜெர்மனி நாட்டுக் கோட்டிங்கன் நகரில் வாழ்ந்த பெர்த்தோல்டு என்னும் அறிஞர், ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிபை 1849 ஆம் ஆண்டில் வெளியிட்டார். விதைகள் முற்றும் நீக்கப்பட்டவற்றுக்குக் கொண்டை வளரவில்லை. கூவலும் போரும் இல்லை. விதையை எடுத்து மீண்டும் வயிற்றினுள் வேறிடத்தில் வைத்தபோதோ, அது நரம்புத் தொடர்பு அற்றிருந்தும், அச்சேவல்கள் கொண்டை சிவந்து கூவி வளர்ந்தன. விதையிலிருந்து குருதியிற் கலக்கும் ஒரு பொருளே இம்மாற்றத்தைச் செய்கிறது என்பது இதனாற் புலப்பட்டது. ஆனால், இறகின் கதை வேறு. விதை நீக்கிய சேவலுக்கும் கூரிய இறகு நிலைத்திருக்கும். பெட்டையின் சூலகத்திற் சுரக்கும் பொருளே இறகை உருண்டையாக்குகிறது. அஃது இல்லாவிடின் இறகு சேவலின் இறகு போல் ஆகிறது.

கோழிக்குப் பொதுவாக இடப்பக்கச் சூலகம் ஒன்றே தொழிற்படும். நோயால் அது கெட்டுவிட்டால், முதிர்ந்த பெட்டை சேவலின் கோலம் பூண்டு கூவுவதும் உண்டு. இதனை அறியாத காலத்தில், கூவும் பெட்டையைத் தீக்குறி என்று மக்கள் அஞ்சினர். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 1474 ஆம் ஆண்டில், முட்டையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சேவல் ஒன்று நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தீயில் இடப்பட்டது. சேவல் உருப்பெற்ற பெட்டையாக அஃது இருந்திருத்தல் கூடும். வாயில்லா உயிர் ஒன்று மனிதரின் அறியாமைக்கு இரையாயிற்று.

வீட்டில் வளர்ப்போர் வாரக்கணக்கிற் பொறுத்திருக்கலாம். ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொறிகளில் வைத்துப் பொரிக்கும் நிலையங்களோ பொறுத்திருக்க விரும்புவதில்லை. முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் சேவல் முட்டையும் இடாது. இறைச்சிக்கும் விரைந்து கொழுக்காது. அதற்குத் தீனி இடுதல் இழப்பென்று வாணிகர் கருதுவர். எனவே, பிறந்த நாளிலேயே பாலை அறியும் வழிகளை அறிஞர் தேடினர்.

ஜப்பானிய விலங்கியல் அறிஞர் மசூயி கியோஷியும் அவர்தம் தோழரும் 1920-களில் ஒரு வழி கண்டனர். குஞ்சின் எச்சவாயின் உட்புறத்தே மிகச் சிறிய புடைப்பு ஒன்று உண்டு. அது குவிந்து திரண்டிருந்தால் ஆண்; தட்டையாகவோ குழிந்தோ இருந்தால் பெரும்பாலும் பெண். இம்முறையை விளக்கி மசூயியும் ஹாஷிமோட்டோவும் எழுதிய நூல் 1933 ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஜப்பானில் பயின்ற வல்லுநர் பல நாடுகட்கும் சென்று தொழில் செய்தனர். கைதேர்ந்தவர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சுகள் வரை பிழை மிக அரிதாகப் பிரிப்பர். பயிலாதவர் இதனைச் செய்யத் துணிந்தால் குஞ்சின் மெல்லுடல் ஊறுபடும். ஆதலின் மாணவர் இதனை முயலலாகாது.

இவ்வல்லுநரிடம், "எவ்வாறு அறிந்தீர்?" என்று வினவினால், பலரால் சொல்லால் விளக்க இயல்வதில்லை. கண் கண்டது, கை பிரித்தது, அவ்வளவே. ஆயினும், 1987 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று வியக்கத்தக்க உண்மையைக் காட்டியது. முன்பயிற்சி சிறிதும் இல்லாதவர்களிடம் எவ்விடத்தை நோக்க வேண்டும், எவ்வடிவைத் தேட வேண்டும் என்று மட்டும் சுருக்கமாக எழுதிக் கொடுத்தனர். அதன்பின் படங்களைப் பார்த்து அவர்கள் கூறிய விடைகள் வல்லுநரின் விடைகளோடு ஒப்பிடத்தக்கவாறு திருந்தின. கண் எல்லார்க்கும் உண்டு. எங்கே நோக்குவது என்னும் தெளிவே கற்றார்க்கும் கல்லார்க்கும் இடையே நிற்கும் வேறுபாடு.

இங்கிலாந்தில் வேறொரு வழி பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மரபியல் அறிஞர் பன்னெட் என்பவரும் பீஸ் என்பவரும், குஞ்சின் நிறமே பாலைக் காட்டுமாறு இனங்களைக் கலந்தனர். 1920-களின் இறுதியில் கேம்பார் என்னும் இனத்தை உருவாக்கினர். அதன் அடிப்படை எளியது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை வரிந்த இறகைத் தரும் மரபுக்கூறு பாற் குரோமோசோமில் உள்ளது. சேவற் குஞ்சு அதனை இருமடங்கு பெறும். பெட்டை ஒருமடங்கே பெறும். பட்டை வரிந்த பிளிமத் ராக் இனத்திலும் இதனைக் காணலாம். அவ்வினத்துக் குஞ்சுகளின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். சேவலுக்கு அது பெரிதாய், விளிம்பு சிதறியிருக்கும். பெட்டைக்குச் சிறிதாய், விளிம்பு திருத்தமாய் இருக்கும். ரோட் ஐலண்டு சிவப்புச் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தாலும், சேவற் குஞ்சுகள் வெளிர்நிறமும் பெட்டைக் குஞ்சுகள் பொன்பழுப்பு நிறமும் கொண்டு பிறக்கும்.

சிறகு முளைப்பின் வேகத்தையும் இவ்வாறே பயன்படுத்துவர். தக்கவாறு கலந்த இனங்களில், முதல் நாளன்று குஞ்சின் சிறகை விரித்து நோக்கினால், பெட்டைக்குக் கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீண்டிருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒத்தோ, கீழ்வரிசை குறுகியோ இருக்கும். இக்குறி சில நாட்களே நிற்கும். அதற்கென அமைக்கப்பட்ட இனத்திற்கே பொருந்தும். இதனை நாட்டுக் கோழியிடம் தேடுபவர் ஏமாறுவர்.

இவ்வளவு நுண்ணறிவும் எதற்குப் பயன்பட்டது என்று எண்ணும்போது உள்ளம் வருந்துகிறது. முட்டையினப் பொரிப்பு நிலையங்களிற் பிரிக்கப்படும் சேவற் குஞ்சுகளில் மிகப் பல, பிறந்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. உலகம் முழுவதும் ஓராண்டில் ஏறத்தாழ 700 கோடிக் குஞ்சுகள் இவ்வாறு மடிகின்றன என மதிப்பிடுவர். நம் நகரத் தெருக்களில் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்து விற்கப்படும் குஞ்சுகளும் பெரும்பாலும் இத்தகைய சேவல்களே. முட்டையிடும் என்று நம்பி அவற்றைக் காசு கொடுத்து வாங்கும் எளியோர் ஏமாறுகின்றனர். சாயமும் பசியும் பட்ட குஞ்சுகளும் நீடு வாழ்வதில்லை. ஜெர்மனி நாடு 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து இக்கொலையைச் சட்டத்தால் தடுத்தது. முட்டைக்குள்ளேயே, கரு வளரும்போதே, ஒளியைச் செலுத்தியும் நீரை ஆய்ந்தும் பாலை அறியும் முறைகள் இப்போது நடைமுறைக்கு வந்துள்ளன. அறிவு உண்டாக்கிய துன்பத்தை அறிவே தணிக்க முற்பட்டுள்ளது எனலாம்.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அயலிலோ கோழி குஞ்சு பொரித்தால், ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். கால் பருக்குந்தோறும் அதனை மாற்றிக் கட்டுங்கள். நான்காம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் கொண்டை, வால், கால், இறகு ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்காம் வாரத்தில் நீங்கள் துணிந்தது பன்னிரண்டாம் வாரத்தில் எத்துணை நிலைத்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தவறியவற்றையும் மறவாமல் எண்ணுங்கள். அவையே எக்குறியை எந்த அளவு நம்பலாம் என்பதைக் கற்பிக்கும். அவ்வாறு பழகிய கண், பஞ்சாரத்துக் குஞ்சை மட்டுமன்றி, உலகின் எப்பொருளையும் பொறுமையோடு நோக்கித் தெளியும்.

பயிற்சி

1. பறவைகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை எழுதுக.
2. முட்டையின் வடிவு குஞ்சின் பாலைக் காட்டாது என்பதற்குரிய காரணத்தை விளக்குக.
3. நான்காம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை சேவற் குஞ்சில் தோன்றும் மாற்றங்களை வரிசைப்படுத்துக.
4. கொண்டை ஒன்றையே குறியாகக் கொண்டால் எவ்வெவ்வினங்களில் பிழை நேரும்? ஏன்?
5. "எங்கே நோக்குவது என்னும் தெளிவே கற்றார்க்கும் கல்லார்க்கும் இடையே நிற்கும் வேறுபாடு" - இக்கருத்தை வேறோர் எடுத்துக்காட்டால் விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.